மகனுக்குச் சொல்ல வேண்டாம் என்கிறார் அம்மா, மகன் என்னைக் கேட்கிறார்: வழி சொல்லுங்கள்

பேலியேட்டிவ் வார்டில் (கடும் நோயாளிகளின் வலி, வேதனையைத் தணிக்கும் வார்டு) நர்ஸாக இருக்கிறேன், இதில் அனுபவமுள்ளவர்கள் கொஞ்சம் உதவுங்கள் (அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டேன்). ஈரல் வரை புற்றுநோய் பரவிய ஒரு அம்மா, நினைவு தெளிவாக இருக்கிறது, இனி நாட்கள் அதிகமில்லை என்று அவருக்கே தெரியும், ஆனால் மகனிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மகனோ நான் வலி மருந்தான மார்ஃபின் ஏறும் பம்ப்பைத் தொடும்போதெல்லாம் பக்கத்தில் வந்து, "ஏன் சிஸ்டர் டோஸ் கூடுது? நான் லீவு போடணுமா?" என்கிறார்.

முடிவெடுக்கும் திறன் உள்ளவரின் சொல்தான் முதலில். பன்னாட்டுச் செவிலியர் மன்றத்தின் 2021 நெறிமுறையும் நோயாளியின் ரகசியத்தைக் காக்கத்தான் சொல்கிறது, அதில் எனக்குக் குழப்பமில்லை. அதற்காக "சரியாகிவிடும்" என்று பொய் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் பேசி, நோட்ஸிலும் எழுதியாயிற்று. "அம்மாவையே கேளுங்கள்" என்றால் அதுவே பதிலாகிவிடுகிறது.

நீங்கள் என்ன வார்த்தைகளில் பதில் சொல்வீர்கள்? வற்புறுத்துவதாகத் தோன்றாமல் அம்மாவிடம் இந்தப் பேச்சை மறுபடி எப்படி எடுப்பது? அப்புறம், அவர் நினைவிழந்த பிறகு அந்த வேண்டுகோளை எதுவரை காப்பது? இன்று நைட் ஷிஃப்டுக்கு முன்னால் யாராவது எழுதினால் பெரிய உதவி.