புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலில் எதைச் சொல்வது?

இரவுவிளக்கு (அணித் தலைவர்):
மழைத்துளி நம் அணியில் சேர்ந்திருக்கிறார், எல்லாரும் வரவேற்போம். நோய் ஆராய்ச்சிக்காகப் புரதங்களின் அசைவைப் பலருடைய வீட்டுக் கணினிகளில் கணக்கிடும் ஃபோல்டிங் அட் ஹோம் நிரலை நிறுவிவிட்டாராம். நான்கு கோர் (செயலிக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) உள்ள பழைய மடிக்கணினி, இரவில் மட்டும் ஓட்டினால் போதுமா என்று கேட்கிறார். முடிந்தால் பகலிலும் ஓட்டுங்கள் தங்கச்சி, நான்கு கோரையும் கொடுங்கள். அணி எண்ணைச் சரியாகப் போட்டு, வேலை உங்களுடையது என்று காட்டும் பாஸ்கீ என்ற சாவியையும் வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்கீயோடு 10 வேலைத் துண்டுகளை (திட்டம் நம் கணினிக்கு அனுப்பும் கணக்கின் சிறு பகுதிகள்) முடித்த பிறகு, சீக்கிரம் திருப்பி அனுப்பினால் போனஸ் புள்ளியும் சேரும். அலுவலகத்தில் சும்மா கிடக்கும் கணினி ஏதாவது இருந்தால் அதிலும் போடுங்கள். சிலர் விலகிப் போனதில் தரவரிசையில் இறங்கிக்கொண்டே இருக்கிறோம், ஒவ்வொரு கணினியும் நமக்கு முக்கியம்.

மெல்லநட:
வாங்க மழைத்துளி. அண்ணா, இந்த வரவேற்பில் எனக்கு உடன்பாடு இல்லை. பழைய கணினி, இரவில் மட்டும் என்று அவர் சொன்ன இரண்டையும் தாண்டி நேராகத் தரவரிசைக்குப் போய்விட்டீர்கள். மடிக்கணினி முழுச் சுமையில் மணிக்கணக்காக ஓடுவதற்கென்று செய்யப்பட்டதில்லை. விசிறியில் தூசி அடைத்திருந்தால் கொஞ்ச நேரத்திலேயே கொதிக்கும், அப்புறம் சிபியு (கணினியின் செயலி) தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நான்கு கோர் கொடுத்தும் பலன் இருக்காது. மெத்தை மேல் வைத்து ஓட்டக் கூடாது, காற்றுத்துளை மூடிக்கொள்ளும் என்று முதலில் சொல்லுங்கள்.

அலுவலகக் கணினி விஷயம் இன்னும் மோசம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரியின் கணினி நிர்வாகி, அனுமதி இல்லாமல், இதேபோல் பலர் கணினிகளில் கணக்கைப் பகிர்ந்து செய்யும் டிஸ்ட்ரிபியூட்டட் டாட் நெட் நிரலை அங்குள்ள கணினிகளில் போட்டதற்காகக் குற்ற வழக்கில் சிக்கினார். 2002-இல் நன்னடத்தைக் கண்காணிப்பும் இழப்பீடுமாக அது முடிந்தது. சொந்தமில்லாத கணினியில் போடு என்று புதியவரிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இரவுவிளக்கு:
அனுமதி வாங்கித்தான் போட வேண்டும், அதை எழுதியிருக்க வேண்டும், சரி. மற்றதை ஏற்க மாட்டேன். வந்தவுடன் சூடு, தூசி, வழக்கு என்று அடுக்கினால் யார் தங்குவார்கள்? வேற்றுலக உயிர்களின் சமிக்ஞையைத் தேடிய செட்டி அட் ஹோம் 1999-இல் தொடங்கி 2020 மார்ச்சில் புதிய வேலை கொடுப்பதை நிறுத்தும்வரை இத்தனை வருடம் மக்கள் கூடவே நின்றார்கள் என்றால், அதில் புள்ளிக்கும் அணிப் போட்டிக்கும் பெரிய பங்கு உண்டு. அதே மார்ச்சில் கொரோனாவுக்காக ஆட்கள் வந்து குவிந்ததில் ஃபோல்டிங் அட் ஹோம் எக்ஸாஃப்ளாப் வேகத்தைத் தாண்டியது, அதாவது நொடிக்கு 10-இன் அடுக்கு 18 கணக்குகள். அந்த வேகத்தில் பழைய மடிக்கணினிகளும் இருந்தன. உற்சாகத்தோடு வருகிறவரை அணைபோட்டுத் தடுக்காதீர்கள்.

வால்நட்சத்திரம்:
சூட்டையும் புள்ளியையும் வைத்துச் சண்டை போடுகிறீர்கள், கெடுவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. ஃபோல்டிங் அட் ஹோமில் ஒரு துண்டு என்பது ஒரு புரதம் அசைவதன் சின்னப் பகுதி. அது முடிந்து திரும்பி வந்தால்தான் அடுத்த பகுதியை உருவாக்க முடியும், ஏனென்றால் இது நின்ற நிலையிலிருந்துதான் அது தொடங்கும். மழைத்துளி ஒரு துண்டை வாங்கி வைத்துக்கொண்டு முடிக்காமல் விட்டால், கெடு தாண்டி வேறொருவருக்குப் போகும்வரை அந்தச் சங்கிலி அப்படியே நிற்கும். போனஸும் போய்விடும். ஆராய்ச்சி செய்கிறவருக்கு அதுதான் நஷ்டம்.

இரவில் மட்டும் ஓடும் கணினிக்கு, விண்வெளித் தரவை அலசும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் பொருந்தும் என்பது என் கருத்து. அங்கே கெடு தாராளம், ஒரே வேலையை இரண்டு கணினிகளுக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 2010-இல் அரேசிபோ தொலைநோக்கியின் தரவில் ஒரு பல்சர் (வேகமாகச் சுழன்று துடிப்புகளாக அலைகளை அனுப்பும் நட்சத்திரம்) கிடைத்தது. கண்டுபிடித்தவை அயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியில் ஒருவரின் கணினியும்தான்.

இரவுவிளக்கு:
பல்சர் நல்ல விஷயம்தான் அக்கா, ஆனால் அந்தப் புள்ளி நம் ஃபோல்டிங் கணக்கில் ஏறாது. அப்புறம், கெடு என்று நீங்கள் சொன்னதே என் பக்கம்தான் பேசுகிறது. சூட்டுக்குப் பயந்து கோரைக் குறைத்தால் துண்டு முடிய இன்னும் நேரமாகும், கெடு தாண்டும். மெல்லநட இதற்கு என்ன சொல்கிறார்?

மெல்லநட:
நியாயமான கேள்வி. ஒரே ஒரு கோரை விட்டுவிட்டு மூன்றைக் கொடுக்கலாம். சூட்டில் வேகம் இறங்கும் கணினியில் மூன்றுக்கும் நான்குக்கும் நீங்கள் நினைக்கிற அளவு வித்தியாசம் வராது. எப்போது ஓட்ட வேண்டும் என்பதில்தான் கவனம் வேண்டும். துண்டு பாதியில் இருக்கும்போது நிறுத்தி மூடிவைக்காமல், ஃபினிஷ் பொத்தானை அழுத்தினால் கையிலிருக்கும் துண்டை முடித்துவிட்டு, புதிது வாங்காமல் தானாக நிற்கும். இந்த ஒரு பொத்தானைக் காட்டிக் கொடுக்காமல் எத்தனை பேரை வரவேற்று என்ன பயன்?

மழைத்துளி:
எல்லாருக்கும் வணக்கம், எனக்காக இவ்வளவு எழுதியதற்கு நன்றி. அலுவலகக் கணினியைத் தொடப் போவதில்லை. வீட்டில் ஒருவர் நோயோடு போராடுவதைப் பார்த்துத்தான் இதில் சேர்ந்தேன், அதனால் பல்சரை விட இதுதான் எனக்கு வேண்டும், வால்நட்சத்திரம் அக்கா தவறாக நினைக்க வேண்டாம். இப்போது ஓடும் துண்டுக்கு இன்னும் 19 மணி நேரம் என்று காட்டுகிறது, கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கிறது. இரவில் மட்டும் ஓட்டினால் முடியுமா?

வால்நட்சத்திரம்:
தவறாக ஏன் நினைக்கிறேன், நீங்கள் வந்த காரணம்தான் பெரிது. இரவுக்கு எட்டு மணி நேரம் என்றால் இரண்டு இரவில் 16தான் ஆகிறது, பத்தாது. இந்தத் துண்டை மட்டும் நாளைப் பகலிலும் ஓடவிட்டு, இப்போதே ஃபினிஷை அழுத்திவிடுங்கள். அடுத்ததை வாரக்கடைசியில் வாங்குங்கள்.

இரவுவிளக்கு:
தரவரிசை முக்கியம் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றமில்லை. ஆனால் வாரத்துக்கு ஒன்றாக இருந்தாலும் முடித்துக் கொடுங்கள் தங்கச்சி, கெடு தாண்டினதுக்கு நமக்கும் போனஸ் வராது. மெல்லநட, புதியவர்களுக்கான குறிப்பை நீங்களே எழுதுங்கள். பாஸ்கீயை மட்டும் முதல் வரியில் வையுங்கள்.

மெல்லநட:
காற்றுத்துளையும் ஃபினிஷும் முதலில், பாஸ்கீ மூன்றாவது வரி. இன்றிரவு எழுதிப் போடுகிறேன்.