டோக்கியோவில் பர்ஸ் திரும்பி வரும், குடை வருமா?

புதுக்குடித்தனம்:
டோக்கியோவுக்கு வந்து இந்த மாதத்தோடு இரண்டு வருடம். நிஷி-கசாயில் ஜாகை. போன வாரம் ஓதெமாச்சியில் ரயில் மாறும்போது பர்ஸை பிளாட்பார பெஞ்சிலேயே விட்டுவிட்டு ஏறிவிட்டேன். உள்ளே 32,000 யென், வசிப்பிட அட்டை, வங்கி அட்டை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கோபானில், அதாவது தெருமுனை போலீஸ் சாவடியில், போய்ச் சொன்னேன். அங்கிருந்தவர் பர்ஸ் என்ன நிறம், எத்தனை மடிப்பு, எந்த நோட்டு எத்தனை என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எனக்கு நம்பிக்கையே இல்லை. மூன்றாம் நாள் போன் வந்தது. போய்ப் பார்த்தால் ஒரு யென் குறையவில்லை. தூக்கிப்போட மறந்த கடை ரசீதுகூட மடித்தபடியே இருந்தது.

இதையெல்லாம் சட்டம் போட்டு வரவழைக்க முடியாது. இது இவர்கள் ரத்தத்தில் இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தைகள் மஞ்சள் தொப்பியோடு தனியாக ரயிலேறிப் பள்ளிக்கூடம் போகிறார்கள். தெருவில் ஒரு குப்பைத்தொட்டி இல்லை, ஆனால் ஒரு காகிதம் கிடக்காது. உங்களுக்கெல்லாம் இது பழகிப்போய்க் கண்ணில் படுவதில்லை என்று நினைக்கிறேன்.

தோசை லைன்:
பர்ஸ் கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் ரத்தத்தை இழுக்காதீர்கள் நண்பரே. எனக்கு இங்கே பதினெட்டு வருடம். தினமும் தோஸாய் என்கிற சுரங்க ரயில் லைனில் நசுங்கி நசுங்கித்தான் இந்தப் பெயர் வைத்துக்கொண்டேன். 2019-இல் அந்த லைனில் கிபா, மோன்ஸென்-நகாச்சோ நிலையங்களுக்கு இடையே காலை நெரிசல் 199 சதவீதம், அதாவது ரயில் கொள்ளுவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கூட்டம் என்று அரசுக் கணக்கே சொன்னது. அந்த நெரிசலில் இவர்கள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள். மழை நாளில் கொன்பினி, அதாவது இரவும் பகலும் திறந்திருக்கும் சின்னக் கடை, அதன் வாசல் ஸ்டாண்டில் அந்த வெள்ளை பிளாஸ்டிக் குடையை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் உள்ளே சுற்றுங்கள். வெளியே வரும்போது குடை இருந்தால் உங்களுக்கு நல்ல நேரம். பர்ஸைத் திருப்பிக் கொடுக்கும் அதே ஊர்தான் குடையை எடுத்துக்கொண்டு போகிறது. அப்படியென்றால் ரத்தம் குடைக்கு மட்டும் வேறு குரூப்பா?

பர்ஸ் திரும்பி வர நல்ல ஏற்பாடு இருக்கிறது. நடந்து போகிற தூரத்தில் கோபான். எடுத்துக் கொடுப்பவருக்குச் சாமானின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை சன்மானம் கேட்கச் சட்டத்தில் உரிமை உண்டு. மூன்று மாதத்துக்குள் சொந்தக்காரர் வரவில்லையென்றால் பணம் எடுத்தவருக்கே. பள்ளிப் பிள்ளைகளே பத்து யென் நாணயத்தைக் கோபானில் கொண்டுபோய்க் கொடுத்துப் பழகுகிறார்கள். குடைக்கு இந்த ஏற்பாட்டில் மவுசு இல்லை. தொலைத்தவன் தேடி வரமாட்டான், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வான். அது எடுப்பவனுக்கும் தெரியும்.

புதுக்குடித்தனம்:
அண்ணா, குடை விஷயம் எனக்குப் புதிது. ஆனால் ஒன்று கேட்கிறேன். என் பர்ஸை எடுத்தவர் சன்மானம் வேண்டாம், பெயரும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நன்றி சொல்லக்கூட ஆள் தெரியவில்லை. அவரை எந்தச் சட்டம் நிலையத்துக்கு நடக்கவைத்தது? குப்பை விஷயத்துக்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

தோசை லைன்:
குப்பைக்கு வருகிறேன். இதில் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

தெருவில் தொட்டி இல்லாததைப் பண்பாடு என்று நினைத்துக்கொள்கிறோம். 1995 மார்ச் 20-ஆம் தேதி ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழு ஆட்கள் சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுவைப் பரப்பிய பிறகு, எதையாவது ஒளித்து வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் பொது இடத் தொட்டிகளை எடுக்கத் தொடங்கினார்கள். பல இடங்களில் அவை திரும்பி வரவே இல்லை.

அதற்கு முன்பாவது பளிச்சென்று இருந்ததா? நீங்கள் தினமும் ரயிலில் கடக்கிற கோத்தோ வார்டில் யுமேனோஷிமா என்று ஒரு இடம் இருக்கிறது. கனவுத் தீவு என்று பொருள். இன்று பூங்கா. அன்று டோக்கியோவின் குப்பைமேடு. 1965 கோடையில் அங்கிருந்து ஈக்கள் கூட்டங்கூட்டமாகக் கிளம்பி வீடுகளிலும் பள்ளிகளிலும் மொய்த்தன. கடைசியில் குப்பைமேட்டையே கொளுத்தினார்கள். அப்போது ஊரின் குப்பையில் பெரும்பகுதி கோத்தோ வழியாகத்தான் லாரியில் போகும். நாற்றமும் அவர்களுக்கு, ஈயும் அவர்களுக்கு. மேற்கே வசதியான சுகினாமி வார்டில் எரி உலை கட்டலாம் என்றால், எங்கள் பக்கத்தில் வேண்டவே வேண்டாம் என்று அங்கே எதிர்ப்பு. 1971-இல் ஆளுநர் மினோபே ரியோகிச்சி, குப்பைப் போர் என்றே அறிவித்தார். 1973-இல் கோத்தோக்காரர்கள் சுகினாமியின் குப்பை லாரிகளை உள்ளே விடாமல் சாலையில் நின்று மறித்தார்கள். பிறகுதான் சுகினாமியிலும் உலை வந்தது.

நாம் பார்க்கிற ஒழுங்கு இப்படி அடித்துப் பிடித்து, சண்டை போட்டு வந்தது. அதைப் பிறவிக் குணம் என்று சொன்னால் அந்தச் சண்டை போட்டவர்களுக்கு என்ன மரியாதை?

நரிதா வழிப்போக்கன்:
பத்து நாள் வந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஜப்பானியரும் நாமும் ஒரே மூலம். ஜப்பானிய மொழியறிஞர் ஸுஸுமு ஓனோ அன்றே சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த விருந்தோம்பல்.

தோசை லைன்:
ஓனோ பெரிய படிப்பாளி, மறுக்கவில்லை. ஆனால் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு என்று அவர் சொன்னதை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வினைச்சொல் கடைசியில் வருவதால் ஜப்பானியம் பேச நமக்குக் கொஞ்சம் சுலபம். அவ்வளவோடு விட்டுவிடலாம். சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டு போய் இங்கே ஒரு வீடு வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், உறவு தெரியும்.

காக்கா வலை:
வீடு என்றதும் உள்ளே வந்துவிட்டேன். இங்கே பன்னிரண்டு வருடம், இரண்டு பிள்ளைகள், மூன்று வீடு மாறியாச்சு.

முதல் வீடு பிடிக்க ஏழு இடம் ஏறி இறங்கினோம். தரகர் நம் முன்னாலேயே உரிமையாளருக்குப் போன் போடுவார். "வெளிநாட்டவர்..." என்ற வார்த்தை வந்ததும் குரல் தணிந்துவிடும். போனை வைத்துவிட்டுத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்பார். அவ்வளவு பணிவாக வேறெங்கேயும் யாரும் என்னை வேண்டாம் என்று சொன்னதில்லை. 2017-இல் நீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 40 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். ஆக, நான் மட்டும் இல்லை.

எட்டாவது வீடு கிடைத்தது. முன்பணம், ஜாமீன் கம்பெனிக்குப் பணம், அப்புறம் ரெய்கின். உரிமையாளருக்கு நன்றி சொல்லிக் கொடுக்கிற பணம், திரும்பி வராது. எல்லாம் கட்டிச் சாவி வாங்கி, சாயங்காலம் உள்ளே போய் சுவிட்சைப் போட்டால் இருட்டு. அண்ணாந்து பார்த்தால் கூரையில் விளக்கு மாட்டுகிற வெறும் பிளக் மட்டும். இங்கே பல வீடுகளில் விளக்கை நாமே வாங்கி மாட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அடுப்பும் கிடையாது. முதல் ராத்திரி போன் வெளிச்சத்தில், கொன்பினியில் வாங்கிய சோற்று உருண்டையைச் சாப்பிட்டோம். அதிலும் மீன் இருந்தது. நான் சைவம்.

இப்போது குப்பை. முதல் வாரம் பை ஒன்றை மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டு அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிப் போயிருந்தார்கள். நான் அதை ரசீது என்று நினைத்தேன்! வாசலிலேயே வைத்துக் காத்திருந்தேன். மறுநாள் எதிர்வீட்டுப் பாட்டி மணியடித்தார். கையில் என் பை. தெருவிலேயே உட்கார்ந்து அதைப் பிரித்து, எரிகிற குப்பைக்குள்ளிருந்து கண்ணாடி ஊறுகாய் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, நான்கு தும்மல் போட்டார். அப்புறம் வார்டு அலுவலகக் காலண்டரை விரித்து எந்தக் கிழமை எது என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தார். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

புதுக்குடித்தனம்:
அக்கா, நீங்கள் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். விதிப்படி பார்த்தால் ஸ்டிக்கரோடு வேலை முடிந்தது. அதற்குமேல் மணியடித்து, பேனா எடுத்து, வட்டம் போட்டது யார்? எந்தச் சட்டத்தில் பாட்டி வருகிறார்?

தோசை லைன்:
குப்பை வைக்கும் இடம் பாட்டி வீட்டு வாசலுக்கு நேர் எதிரே இருந்திருக்கும். பையைக் காக்காய் கிழித்தால் கூட்ட வேண்டியது அவர்தான். இதில் தர்மம் ஒன்றும் இல்லை.

காக்கா வலை:
வாசலுக்கு எதிரேதான். அந்த வாரம் வலை மடிக்கிற முறையும் அவருடையதுதான். (தெரியாதவர்களுக்கு: காக்காய் கொத்தாமல் இருக்க குப்பைமேல் வலை போடுவோம். வண்டி போனதும் மடித்து வைப்பது எங்கள் தெருவில் வாரம் ஒரு வீட்டு முறை. என் பெயர் அங்கிருந்து வந்தது.) அவர் வந்தது என்மேல் பாசத்தால் இல்லை, காக்காய்மேல் இருந்த கோபத்தால். ஆனால் அண்ணா, அந்த வீட்டை விட்டு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இன்னும் புது வருடத்துக்கு எனக்குக் கார்டு அனுப்புகிறார். அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

தம்பிக்கும் ஒன்று. எனக்கு ஏழு வீடு மறுத்தவர்களும் யாருடைய பர்ஸையாவது எடுத்துக் கோபானில் கொடுப்பவர்களாகத்தான் இருப்பார்கள். ரத்தம் என்று சொன்னால் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

புதுக்குடித்தனம்:
வீட்டு விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கம்பெனி பிடித்துக் கொடுத்த வீடு, அந்தக் கஷ்டம் தெரியாது. ஆனால் தோசை லைன் அண்ணா, நீங்கள் 2011-இல் இங்கே இருந்தவர்தானே? நிலநடுக்கத்தன்று ஊர் எப்படி இருந்தது? அதையும் ஏற்பாடு என்பீர்களா?

தோசை லைன்:
நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். டோக்கியோவில் அன்று ஷிந்தோ 5 மேல்நிலை. ஷிந்தோ என்பது ஓர் இடம் எவ்வளவு குலுங்கியது என்று சொல்லும் ஜப்பானிய அளவு, உச்சம் 7. ரயில்கள் நின்றுவிட்டன. ஓதெமாச்சியிலிருந்து நிஷி-கசாய்க்கு நடந்தே வந்தேன், மூன்று மணி நேரத்துக்கு மேல். எய்தாய் பாலத்தில் இத்தனை பேரை ஒன்றாக அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஒருவரும் தள்ளவில்லை. முன்னால் ஒரு அம்மாவின் ஹீல்ஸ் செருப்பு அறுந்துவிட்டது. பக்கத்தில் வந்தவர் பையிலிருந்து விளையாட்டு ஷூவை எடுத்துக் கொடுத்துவிட்டு, தன் விலாசம்கூடச் சொல்லாமல் கூட்டத்தில் போய்விட்டார். பள்ளியில் வருடா வருடம் நடக்கும் ஒத்திகையால் தள்ளாமல் நடந்தார்கள் என்று சொல்லிவிடுவேன். ஷூவுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் மறுநாள் கடையில் அரிசி, தண்ணீர், டாய்லெட் பேப்பர் எல்லாம் காலி. அள்ளியதும் இதே ஜனம்தான். நானும் இரண்டு மூட்டை அரிசி அள்ளினேன்.

காக்கா வலை:
மூன்று மூட்டை என்று முன்பு ஒருமுறை சொன்னதாக ஞாபகம்.

தோசை லைன்:
ஒன்று சின்ன மூட்டை.

புதுக்குடித்தனம்:
நேற்று ராத்திரி நல்ல மழை. அண்ணன் சொன்ன சோதனையைச் செய்ய வேண்டும் என்று நினைக்கவே இல்லை, பால் வாங்கத்தான் போனேன். வெளியே வந்தால் ஸ்டாண்டில் என் குடை இல்லை. கைப்பிடியில் நீல ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருந்தேன், அதனால் உறுதி. அதே மாதிரி வெள்ளைக் குடை இன்னொன்று மட்டும் நின்றது. யாரோ மாற்றி எடுத்துப் போயிருக்கலாம். உள்ளே எட்டிப் பார்த்தேன், கல்லாவில் இருந்த பையனைத் தவிர ஆளே இல்லை. வீட்டுக்கு எட்டு நிமிட நடை, மழை விடுகிற மாதிரியும் இல்லை.

தோசை லைன்:
அப்புறம்?

புதுக்குடித்தனம்:
அதைச் சொல்ல மாட்டேன்.