வேலை மாடலில் கச்சிதம், வாயில் உயரம்: எதிர்த்தாடை மாடலில் எங்கே பிசகுகிறது?

மெழுகுக்கத்தி (கேள்வி)

வணக்கம். எங்கள் பல் லேபில் செய்யும் பின்பல் கிரவுன்கள் (பல்லுறைகள்) டையில் (செதுக்கிய பல்லின் ஸ்டோன் நகல்) நன்றாக உட்காருகின்றன, மார்ஜின் (கிரவுனின் விளிம்பு) மூடுகிறது, ஆர்ட்டிகுலேட்டரில் (இரண்டு தாடை மாடல்களையும் பொருத்திக் கடி பார்க்கும் கருவி) கடியும் சரியாக இருக்கிறது. வாயில் வைத்தால் மட்டும் உயரம். ஒபேக் (பீங்கானுக்கு அடியில் இருக்கும் மறைப்புப் பூச்சு) தெரியும் அளவுக்குத் தேய்க்க வேண்டியிருக்கிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சில கேஸ்களில் பக்கத்துப் பல்லோடு காண்டாக்டும் இறுக்கமாக இருக்கிறது.

செய்முறை இதுதான். வேலை மாடல் (கிரவுன் செய்யும் தாடை) அடிஷன் சிலிக்கோன் (ரப்பர் போன்ற அச்சுப்பொருள்) அச்சில், டைப் 4 ஸ்டோன் (மிகக் கடினமாக இறுகும் ஜிப்சம் பொடி), எடை பார்த்து, வாக்குவம் மிக்ஸரில். எதிர்த்தாடை (கிரவுனுக்கு எதிரே கடிக்கும் தாடை) ஆல்ஜினேட் (தண்ணீரில் கலக்கும் ஜெல் அச்சுப்பொருள்) அச்சில், டைப் 3 ஸ்டோன். இதற்குத் தண்ணீர் கண் அளவு, ரப்பர் கிண்ணத்தில் கைக்கலவை. அச்சை நிரப்பியதும் தட்டில் குவித்த கலவை மேல் கவிழ்த்து அடித்தளத்தை அப்போதே முடித்துவிடுகிறோம். மாலையில் ஊற்றுபவை மறுநாள் காலைவரை அச்சிலேயே இருக்கும். கழற்றும்போது பற்களின் மேற்பரப்பு கொஞ்சம் மாவு போல கையில் ஒட்டுகிறது. கடிக்கும் பரப்பில் சின்னச் சின்ன மணிகளும் இருக்கும், கத்தியால் சீவி எடுத்துவிடுகிறோம்.

டைப் 3 ஸ்டோன் அதிகம் விரிவதால்தான் உயரம் வருகிறதா? எதிர்த்தாடையையும் டைப் 4-இல் ஊற்றினால் தீருமா?

வெள்ளைப்பொடி

விரிவு காரணம் இல்லை, கணக்குப் போட்டாலே தெரியும். டைப் 3 ஸ்டோனுக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச விரிவு 0.20 சதவீதம். 8 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு பல்லில் அது 0.016 மில்லிமீட்டர், அதாவது 16 மைக்ரான். கடி பார்க்கும் காகிதத்தின் தடிமன்கூட இல்லை. விரிவு தொல்லை தருவது நீளத்தில்தான்: இடது கடைவாய்ப்பல்லுக்கும் வலது கடைவாய்ப்பல்லுக்கும் இடையே 50 மில்லிமீட்டர் என்றால் அதே 0.20 சதவீதம் 100 மைக்ரான் ஆகிவிடும். முழு வளைவு பிரிட்ஜுக்கு அது பெரிய விஷயம். ஒற்றைக் கிரவுனின் உயரத்துக்கு அல்ல.

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: மாவு, மணிகள். இரண்டும் கடியை உயர்த்துபவை, ஆனால் வெவ்வேறு வழியில்.

மணி என்பது ஆல்ஜினேட்டில் இருந்த காற்றுக்குமிழ். அந்தக் குழியில் ஸ்டோன் நிறைந்து மணியாக நிற்கிறது. கடிக்கும் பரப்பில் ஒரு மணி விட்டுப்போனாலும் இரண்டு மாடலும் முழுதாகச் சேராது, இடையில் ஒரு கல்லை வைத்த மாதிரி தூக்கி நிற்கும். கிரவுனை அந்த இடைவெளி வரைக்கும் வளர்க்கிறீர்கள். வாயில் அந்த மணி இல்லை, தாடை முழுதாக மூடுகிறது, கிரவுன் முதலில் இடிக்கிறது.

மாவுப் பரப்பு இன்னும் மோசம், ஏனென்றால் கண்ணில் படாது. எதிர்ப்பல்லின் முனை மாடலில் உதிர்ந்து குறைந்துபோனால் கிரவுனுக்கு மேலே இல்லாத இடம் இருப்பதாகத் தெரியும். அதை நிரப்புகிறீர்கள். மெழுகு வேலையின்போது (கிரவுனை முதலில் மெழுகில் வடிக்கும்போது) மாடல்களைப் பத்துத் தடவை தட்டித் தட்டிப் பார்க்கிறோமே, ஒவ்வொரு தட்டிலும் அந்த முனை தேய்ந்துகொண்டே போகும்.

மாவு ஏன் வருகிறது என்றால், முதல் காரணம் தண்ணீர். ஜிப்சம் வினைக்கு 100 கிராம் பொடிக்கு 18.6 கிராம் தண்ணீர்தான் தேவை. மீதி தண்ணீர் கலவை ஓடுவதற்காகச் சேர்ப்பது. இறுகிய பின் அது ஆவியாகி, இருந்த இடத்தை ஓட்டையாக விட்டுப்போகும். டைப் 3-க்கு 100 கிராமுக்கு 28 முதல் 30 மி.லி., டைப் 4-க்கு 22 முதல் 24, சாதா பிளாஸ்டருக்கு 45 முதல் 50. பையில் நிறுவனம் அச்சிட்ட எண் வேறாக இருந்தால் அதுதான் கணக்கு. கண் அளவில் 35, 38 என்று போவது மிக எளிது, கை அதைத்தான் விரும்பும், ஏனென்றால் நன்றாக ஓடும்.

தராசில் கிண்ணத்தை வைத்து பூஜ்யமாக்கி முதலில் தண்ணீரை நிறுத்துவிடுங்கள் (1 மி.லி. 1 கிராம், அளவுக்குழாய் தேடவே வேண்டாம்). பிறகு பொடியைத் தண்ணீர் மேல் தூவுங்கள். 30 விநாடி தானாக ஊறட்டும், ஊறும்போதே பொடிக்குள் இருக்கும் காற்று வெளியேறும். அதன் பிறகு கிண்ணத்தின் சுவரில் ஸ்பாச்சுலாவை அழுத்தித் தேய்த்து ஒரு நிமிடம் கலக்குங்கள். முட்டை அடிப்பதுபோல் அடித்தால் காற்றைத்தான் சேர்ப்பீர்கள். கெட்டியாகிவிட்டது என்று பாதியில் தண்ணீர் விடுவது கூடவே கூடாது. உருவாகத் தொடங்கிய படிகங்களைக் கலைத்துவிட்டுப் பலத்தை எதிர்பார்க்க முடியாது.

பொடியைக் கரண்டியால் அளப்பதும் வேண்டாம். பையின் அடியில் அமுங்கிய பொடியும் மேலே தளர்ந்து கிடப்பதும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது.

ரப்பர்கிண்ணம்

தண்ணீரைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் இங்கே மாவுக்கு அதைவிடப் பெரிய காரணம், மாடல் இரவு முழுக்க ஆல்ஜினேட்டில் கிடப்பதுதான். ஆல்ஜினேட்டில் பெரும்பகுதி தண்ணீர். அதோடு ஆல்ஜினேட் ஜெல் தன்னைத் தொட்டிருக்கும் ஜிப்சம் பரப்பின் இறுகலையே தாமதப்படுத்தும். நேரம் போகப்போக ஜெல் காய்ந்து சுருங்கி, பக்கத்தில் இருக்கும் மெல்லிய முனைகளைப் பிடித்து இழுக்கும், கழற்றும்போது உடைந்தும் வரும். ஊற்றியதிலிருந்து 45 முதல் 60 நிமிடத்துக்குள் பிரித்துவிட வேண்டும். தொட்டால் வரும் சூடு ஏறி, இறங்கி, குளிர்ந்துவிட்டதா என்று பாருங்கள். மாலையில் கடைசியாக வரும் அச்சுகளுக்கும் இதே விதிதான். ஒரு மணி நேரம் காத்திருக்க ஆள் இல்லையென்றால் அன்று மாலை அந்த அச்சு எடுக்காமல் இருப்பதே மேல், ஏனென்றால் ஊற்றாமல் வைத்தாலும் கெடும்.

ஆல்ஜினேட் காற்றில் இருந்தால் தண்ணீரைக் கக்கிச் சுருங்கும், தண்ணீரில் போட்டால் உறிஞ்சி ஊதும். இரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான இடம் ஈரக்காற்று மட்டும்: பிழிந்த ஈரத்துணி சுற்றி மூடிய பையில். அதிலும் 10 முதல் 15 நிமிடத்துக்குள் ஊற்றிவிடுவதுதான் நல்லது. சொட்டச் சொட்ட நனைந்த பஞ்சில் பொதிந்து வருவதைப் பலரும் கவனம் என்று நினைக்கிறார்கள், அது தண்ணீரில் முக்குவதற்குச் சமம்.

எச்சிலும் மாவுப் பரப்பைக் கொண்டுவரும். வெறும் தண்ணீரில் கழுவினால் வழவழப்பு முழுதாகப் போகாது. கழுவிய அச்சில் கொஞ்சம் ஸ்டோன் பொடியைத் தூவி மென்மையான தூரிகையால் தடவிக் கழுவினால் எச்சில் எங்கே ஒட்டியிருக்கிறது என்பது வெள்ளையாகத் தெரியும், கூடவே வந்துவிடும். பிறகு 0.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் தெளித்து மூடிய பையில் 10 நிமிடம், மறுபடி கழுவல். தண்ணீர் தேங்காமல் உதறுங்கள், ஆனால் பளபளப்பு போகும்வரை காற்றடிக்காதீர்கள். குழியில் தேங்கிய ஒரு துளி தண்ணீர் அந்தப் பல் முனையின் கலவையை மட்டும் நீர்த்துப்போக வைக்கும்.

டிரேயை (அச்சுப்பொருளைத் தாங்கும் தட்டு) மேசையில் படுக்க வைக்கிறீர்களா? பின்பக்கம் டிரேயைத் தாண்டித் தொங்கும் ஆல்ஜினேட் மேசையில் பட்டால் அந்தப் பகுதியே மேலே வளைந்துவிடும். கடைசிக் கடைவாய்ப்பல்லில் கிரவுன் உயரமாக வரும் கேஸ்களில் இதை முதலில் சந்தேகப்படுவேன். தாங்கல் இல்லாத பகுதியை வெட்டிவிட்டு, கைப்பிடியால் தொங்கவிடுங்கள்.

மெழுகுக்கத்தி

நன்றி சார். இரவு வைப்பதை நிறுத்துகிறோம். கவிழ்த்து அடித்தளம் போடுவதால் என்ன கெடுதல்? நேரம் மிச்சம் என்றுதான் செய்கிறோம். இன்னொன்று, வேலை மாடலில் மணிகள் இல்லை, ஆனால் ஊசிமுனை அளவு குழிகள் வருகின்றன. வாக்குவத்தில் கலக்கியும் எப்படி?

டைஸ்டோன்

கவிழ்ப்பது பற்றி: இறுகாத கலவையில் கனமான துகள் கீழே இறங்கும், தண்ணீர் மேலே ஏறும். டிரே கீழே, கலவை மேலே என்று இருக்கும்போது அந்தத் தண்ணீர் அடித்தளப் பக்கம் சேரும், அங்கே சேர்ந்தால் நஷ்டமில்லை. கவிழ்த்த மறுகணம் மேல்பக்கம் என்பது பற்களின் முனையாகிவிடுகிறது. மாடலிலேயே எங்கே கடினம் வேண்டுமோ அங்கே தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். டிரேயின் எடையும் ஆல்ஜினேட்டை அமுக்கும். இரண்டு கட்டமாகச் செய்யுங்கள்: பற்களையும் ஈறையும் நிரப்பி, மேலே அடித்தளம் பிடித்துக்கொள்ள நாலைந்து கரடுமுரடான குமிழ்களை விட்டு, டிரே நிமிர்ந்தபடியே இறுக விடுங்கள். பளபளப்பு மறைந்து நகம் பதியாத நிலை வந்த பிறகு அந்தப் பரப்பை ஈரமாக்கி இரண்டாவது கலவையில் அடித்தளம்.

குழிகள் மணிக்கு நேர் எதிர். மணி என்றால் அச்சில் காற்று. குழி என்றால் ஊற்றலில் காற்று, அல்லது வாயு. இதைப் பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. முன்னது அச்சு எடுப்பவருக்குச் சொல்ல வேண்டியது, பின்னது நம் மேசையில் திருத்த வேண்டியது.

அடிஷன் சிலிக்கோன் இறுகிய பின்னும் ஹைட்ரஜன் வெளியிடும் வகைகள் உண்டு. அச்சு எடுத்த உடனே ஊற்றினால் பரப்பு முழுக்க ஒரே மாதிரி ஊசிக்குழி விழும். குறைந்தது ஒரு மணி நேரம் விட்டு ஊற்றுங்கள், அந்தப் பொருள் அவ்வளவு நேரத்தில் அளவு மாறாது. கண்டென்சேஷன் சிலிக்கோனுக்கு இதைச் செய்யாதீர்கள், அது ஆல்கஹால் வெளியேறிச் சுருங்கும், சீக்கிரம் ஊற்ற வேண்டும். பெட்டியைப் பார்க்காமல் நிறத்தை வைத்து இரண்டையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

குழிகள் ஆங்காங்கே, முக்கியமாக மார்ஜின் ஓரத்தில் மட்டும் என்றால் அது ஊற்றும் முறை. சிலிக்கோன் தண்ணீரைத் தள்ளும். டீபபிளைசர் (குமிழ் பிடிக்காமல் பரப்பை நனையவைக்கும் திரவம்) லேசாக ஒரு தெளிப்பு, பிறகு முழுதாகக் காயவிடல். தேங்கினால் அந்த இடம் மென்மையாகும். கலவையை ஒரு பக்கக் கடைசிப் பல்லில் மட்டும் ஒரு துளி வைத்து, வைப்ரேட்டரைக் குறைந்த வேகத்தில் வைத்து, டிரேயைச் சாய்த்து அடுத்த பல்லுக்கு அதுவாக வழியவிடுங்கள். ஒவ்வொரு பல்லின் அடியும் நிறைந்து காற்று முன்னே தள்ளப்படுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்தும் கலவை போட்டால் இரண்டு ஓட்டமும் சந்திக்கும் இடத்தில் காற்று மாட்டும். முழு வேகத்தில் அதிரவைத்தால் குமிழ் வெளியேறாது, புதிதாக உள்ளே போகும்.

காண்டாக்ட் இறுக்கம் வேறு கதை. வெட்டிய டைகளைப் பக்கத்துப் பல்லோடு உரசி உரசி எடுத்து வைக்கிறீர்கள், பக்கத்துப் பல்லின் ஸ்டோன் தேய்கிறது, தேய்ந்த அளவுக்குக் கிரவுன் அகலம் கூடுகிறது. அடிஷன் சிலிக்கோன் கிழியாமல் வந்திருந்தால் அதே அச்சில் இரண்டாவது முறை ஊற்றி, அதை வெட்டாமல் முழு மாடலாக வைத்துக்கொள்ளுங்கள். காண்டாக்டைக் கடைசியாகச் சரிபார்க்க அதை மட்டுமே பயன்படுத்துங்கள்.

எதிர்த்தாடைக்கு டைப் 4 போடலாம், தேய்மானம் குறையும், தடையில்லை. டைப் 5 வேண்டாம். அதன் விரிவு கூடுதலாகவே வடிவமைக்கப்பட்டது, சில உலோகங்களின் வார்ப்புச் சுருக்கத்தை ஈடுகட்ட.

வெள்ளைப்பொடி

ஒன்று சேர்க்க விட்டுவிட்டேன். பிரித்த மாடலைக் குழாயடியில் நீட்டி வைக்காதீர்கள். ஜிப்சம் தண்ணீரில் கரையும், லிட்டருக்கு இரண்டரை கிராம் அளவில். குறைவுதான், ஆனால் கரைவது மேற்பரப்பு விவரம். டிரிம்மர் (மாடலைச் சீவும் இயந்திரம்) கழிவின் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீர் ஏற்கெனவே ஜிப்சம் நிறைந்தது, மாடலை ஊறவைக்கவும் கழுவவும் அதைப் பயன்படுத்துங்கள். அதே தண்ணீரில் ஸ்டோன் கலக்க வேண்டாம், படிகத் துணுக்குகள் இறுகலை வேகமாக்கிவிடும். கழுவாத கிண்ணமும் அதே வேலையைத்தான் செய்யும்.

அவசரத்துக்கு அடுப்பில் காயவைப்பதானால் 45 டிகிரிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேலே போகப்போக இறுகிய ஜிப்சமே தன் நீரை இழக்க ஆரம்பித்து, பரப்பு மறுபடி மாவாகும். காய்ந்த ஸ்டோனின் பலம் ஈரமாக இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், அதனால் முடிந்தால் ஒரு நாள் விட்டு மெழுகு வேலை தொடங்குங்கள்.

வாய்க்கண்ணாடி

கிளினிக் நாற்காலிப் பக்கத்திலிருந்து. கடிப் பதிவு சிலிக்கோனை (நோயாளி கடித்த நிலையின் பதிவு) அப்படியே மாடல்களுக்கு நடுவே வைத்து மவுன்ட் செய்தால் (ஆர்ட்டிகுலேட்டரில் பிளாஸ்டரால் பொருத்தினால்) மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் உயரம் வரும். பதிவில் பள்ளங்களின் ஆழம், ஈறு எல்லாம் பதிந்திருக்கும். ஸ்டோன் மாடல் அந்த அளவுக்கு உள்ளே போகாது. கத்தியால் வெட்டி முனைகளின் அடையாளம் மட்டும் மிஞ்சும்படி மெல்லியதாக்குங்கள், வெளிப்பக்கத்தை வெட்டிவிட்டால் முனை தொட்டிருப்பதை நேராகப் பார்க்கலாம்.

மவுன்ட் செய்யும் பிளாஸ்டரும் விரியும். 0.30 சதவீதம் விரியும் சாதா பிளாஸ்டர் 20 மில்லிமீட்டர் தடிமனில் 60 மைக்ரான் தூக்கும். காய்ந்த மாடலின் அடியை ஈரமாக்கி, முதலில் கொஞ்சமாக வைத்துப் பிடிக்கவிட்டு, இறுகியபின் மீதியை நிரப்புங்கள்.

எந்தப் பற்கள் ஷிம்ஸ்டாக் தாளைப் பிடிக்கின்றன என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அது 8 மைக்ரான் தடிமன், இழுத்தால் வராத இடமே உண்மையான தொடுகை. மவுன்ட் முடிந்ததும், மெழுகைத் தொடுவதற்கு முன், அதே பற்களில் அதே தாளை வைத்து இழுத்துப் பாருங்கள். வாயில் பிடித்த பல் மாடலில் விட்டுவிட்டால் எங்கோ ஒரு மணி தூக்கி நிற்கிறது, அல்லது முனை உதிர்ந்திருக்கிறது. பிரித்து மணியைத் தேடுங்கள். பள்ளத்துக்குள் இருந்தால் உருப்பெருக்கியின் கீழே மட்டும் எடுங்கள். மணி முனையிலேயே இருந்து, பல்லின் வடிவம் எது, மணி எது என்று தெரியாவிட்டால் கத்தி வேண்டாம். எதிர்த்தாடைக்குப் புதிய அச்சு கேளுங்கள், ஆல்ஜினேட் அச்சு ஐந்து நிமிட வேலைதான்.

மெழுகுக்கத்தி

கிரவுன் தயாராக இருக்கும் மூன்று கேஸ்களின் எதிர்த்தாடை மாடலை இப்போது உருப்பெருக்கியில் பார்த்தேன். இரண்டில் கடைசிக் கடைவாய்ப்பல்லின் பள்ளத்தில் மணி இருக்கிறது. மூன்றாவதில் முனைகள் விரலில் வெள்ளையாக வருகின்றன. அந்த மூன்றாவதுக்கு மாடலின் மேல் கடினமாக்கும் பூச்சு போட்டால் போதுமா, புது அச்சு கேட்கவா?

டைஸ்டோன்

புது அச்சு. பூச்சு இருக்கும் பரப்பைத்தான் கெட்டிப்படுத்தும், உதிர்ந்துபோனதைத் திருப்பித் தராது, மேலே தன் தடிமனையும் சேர்க்கும். மணி இருக்கும் இரண்டிலும் மணியை எடுத்துவிட்டுக் கடியைத் திரும்பப் பார்த்து, கிரவுனை அங்கேயே குறைத்து மெருகேற்றி அனுப்புங்கள்.