உதவியை வாங்கிக்கொள்ள ஏன் இவ்வளவு கஷ்டம்?

அத்திமரம்:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். சபையில் நோயாளிகளைச் சந்திக்கிற குழுவில் வெகு காலமாக இருக்கிறேன். படுக்கையில் கிடப்பவர்களுக்குத் தலை வாரிவிடுவது, துணி மாற்றுவது எதற்கும் முகம் சுளித்ததில்லை. இப்போது எனக்கே இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நடக்கிறேன். குனிய முடியாது.

எங்கள் குழுவில் என்னைவிட ரொம்பச் சின்னவள் ஒருத்தி வந்தாள். தரையில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, என் பாதத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். பெருவிரல் நகம் தடித்துப் போயிருந்தது. வெந்நீரில் ஊறவைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "போதும்மா, விடு" என்று காலை இழுத்துக்கொண்டே இருந்தேன். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைப்பது தாழ்மைதானே? பிறகு ஏன் மனசு உறுத்துகிறது? வசனத்தோடு சொல்லுங்கள். சும்மா ஆறுதலுக்காக வேண்டாம்.

கடுகுவிதை:
அக்கா, வேதத்தில் யோவான் 13:8ஐ எடுங்கள். ஆண்டவர் இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவ வருகிறார். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்கிறார் அவர்களில் ஒருவரான பேதுரு. கேட்க எவ்வளவு பணிவாக இருக்கிறது! ஆண்டவர் அதைப் பாராட்டவில்லை. "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்று சொல்லிவிட்டார். ஊழியம் செய்யச் சொல்கிற 14ஆம் வசனம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதிலும் ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும் என்றுதான் இருக்கிறது. எல்லாரும் கழுவவே உட்கார்ந்துவிட்டால் காலை நீட்டுவது யார்?

லூக்கா 7ஐயும் பாருங்கள். ஊரே பாவி என்று சொன்ன ஒரு பெண் ஆண்டவரின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துத் தலைமயிரால் துடைக்கிறாள். விருந்துக்கு அழைத்த பரிசேயனுக்குத்தான், நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்கிறவனுக்குத்தான், கூசுகிறது. ஆண்டவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

ஒலிவக்கிளை:
கடுகுவிதை சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அக்காவுக்கு வந்த கூச்சம் முழுவதையும் பெருமை என்று தள்ளிவிடாதீர்கள். உடம்பை இன்னொருவர் கையில் கொடுப்பது சாதாரணக் காரியமா? பர்திமேயு குருடன் என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தும், "நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆண்டவர் சுகமாக்கினார் (மாற்கு 10:51). உதவ வருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டும். நீங்களும் தாராளமாகச் சொல்லலாம்: "நகம் வெட்டிவிடு, குளிக்க நானே பார்த்துக்கொள்கிறேன்." அதனால் தாழ்மை ஒன்றும் குறைந்துவிடாது.

அத்திமரம்:
லூக்கா 7ஐ எத்தனையோ தடவை தியானித்திருக்கிறேன், அவர் பாதம் அசையாமல் இருந்ததைக் கவனித்ததே இல்லை. இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். எழுந்து நடமாடியதும் அவளுக்கு ஏதாவது செய்து கடனைத் தீர்த்துவிட வேண்டும் என்றே மனசு ஓடுகிறது. இதுவும் சரியில்லையோ?

உப்பும் ஒளியும்:
அன்பினால் செய்தால் நல்லதுதான், சிஸ்டர். கணக்கை முடிக்க என்றால் கொஞ்சம் பொறுங்கள். லூக்கா 14:12-14இல், பதிலுக்கு அழைக்கக்கூடியவர்களை விட்டுவிட்டு ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் விருந்துக்குக் கூப்பிடச் சொல்கிறார் ஆண்டவர். அவர்களால் பதில் செய்ய முடியாது, அதுவே அழைக்கிறவருக்குப் பாக்கியம் என்கிறார். நாம் எப்போதும் அழைக்கிறவர் இடத்தில் நின்றே அதை வாசிக்கிறோம். இப்போது நீங்கள் அழைக்கப்பட்டவர் இடத்தில் இருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பாக்கியத்தை அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துக் கெடுத்துவிடாதீர்கள். அடுத்த முறை வரும்போது "நன்றிம்மா" என்று மட்டும் சொல்லுங்கள்.