லண்டனிலிருந்து சிறுவர் புத்தகம்: எதை அனுப்பச் சொல்லுறது, எப்படி எடுக்கிறது?

வலிகாமம்_வாசிகசாலை:
யாழ்ப்பாணம் வலிகாமத்தில் இருக்கிற எங்கட சனசமூக நிலையத்தில் சிறுவர் பகுதி ஒன்று தொடங்குறம். லண்டனில் இருக்கிற ஊர்ச்சங்கம், அங்க இருக்கிற பள்ளிக்கூடங்கள் கழிக்கிற ஆங்கிலக் கதைப்புத்தகங்களைச் சேர்த்து அனுப்ப ஓம் எண்டு சொல்லியிருக்கினம். "என்ன வேணும், எத்தனை வேணும்" எண்டு கேட்டும் எழுதியிருக்கினம். வாசிக்கப் போறது தரம் 1 தொடக்கம் 9 வரையான பிள்ளையள், வீட்டில் ஆங்கிலம் புழங்காதவை. இறாக்கை இரண்டுதான் இருக்கு. பட்டியலில் என்ன போடுறது? கப்பலா தபாலா? சுங்கத்தில் என்ன கேட்பினம்? விபரம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

நூலறை:
தம்பி, அனுப்ப முன்னம் கேட்டிருக்கினம், அதுவே பெரிய விசயம். "கதைப்புத்தகம் அனுப்புங்கோ" எண்டு மட்டும் பதில் போட்டால் பத்து வயதுப் பிள்ளைக்கு எண்டு அங்க எழுதின 200 பக்க நாவல்கள்தான் வரும். அதை இங்க தரம் 9 பிள்ளையும் திறக்காது, ஐஞ்சாறு வரியிலேயே மூடி வைச்சிடும். வயதைச் சொல்லாமல் வாசிப்புப் படியைச் சொல்லுங்கோ.

பிரித்தானியப் பள்ளிக்கூடங்களில் வாசிப்புப் புத்தகங்களுக்குப் படியைக் காட்டுற நிறப்பட்டி இருக்கு. இளஞ்சிவப்பில் தொடங்கி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, செம்மஞ்சள் எண்டு ஏறும். இளஞ்சிவப்புப் பட்டியில் பக்கத்துக்கு ஒரு வரி, ஒரே வசனம் ஒரு சொல் மாறித் திரும்பத் திரும்ப வரும். எங்கட பிள்ளையளுக்கு ஆங்கிலம் முறையான பாடமாகத் தொடங்குறது தரம் 3இல். அதால தரம் 3 முதல் 5 வரை இளஞ்சிவப்பு தொடக்கம் மஞ்சள் போதும், தரம் 6, 7க்கு நீலமும் பச்சையும், 8, 9க்கு செம்மஞ்சளும் அதுக்கு மேலயும். தரம் 1, 2க்கு சொல்லே இல்லாத படப்புத்தகம் கேளுங்கோ. படத்தைப் பார்த்துப் பிள்ளை தமிழில் கதை சொல்லும்.

பட்டியலில் "வேண்டாம்" எண்டும் ஒரு பகுதி கட்டாயம் போடுங்கோ. பென்சிலால் நிரப்பின பயிற்சிப் புத்தகம், கிழிஞ்ச மடிப்புக் கதவுப் புத்தகம் (மடிப்பைத் திறந்து உள்ளுக்கு இருக்கிற படத்தைப் பார்க்கிறது), பூஞ்சண மணம் உள்ளது எதுவும் வேண்டாம். அமத்தினால் சத்தம் போடுற புத்தகமும் வேண்டாம். அதுக்குள்ள இருக்கிற பொத்தான் மின்கலம் ஈரத்தில் கசியும், சின்னப்பிள்ளை விழுங்கினால் உயிராபத்து. அறிவியல் நூலில் புளூட்டோவை ஒன்பதாவது கோள் எண்டு போட்டிருந்தால் அது 2006க்கு முந்தினது. தேசப்படத்தில் தென்சூடான் தனிநாடாக இல்லையெண்டால் 2011க்கு முந்தினது. அனுப்புறவை இந்த இரண்டையும் திறந்து பார்த்தாலே பழசு எது எண்டு தெரிஞ்சிடும்.

எண்ணிக்கை? முதல் தடவை 300க்கு மேல வேண்டாம். மெல்லிய புத்தகங்களை முதுகு தெரிய அடுக்கினால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, முன்னட்டை தெரிய வைக்க வேணும். அப்படி வைச்சால் இரண்டு இறாக்கையில் ஒரு நேரத்தில் 60, 70தான் நிற்கும். மிச்சத்தைப் பெட்டியில் வைச்சு மாதம் ஒருக்கால் மாத்துங்கோ.

துறைமுகம்:
அனுப்புற வழியை நான் சொல்லுறன். 24 பக்க மெல்லிய புத்தகம் 80 முதல் 100 கிராம். பெரிய அளவு கெட்டி அட்டைப் படப்புத்தகம் 400 கிராமுக்கு மேல. பிரித்தானியத் தபாலில் வெளிநாட்டுக்கு அச்சுப் பிரதி எண்ட வகையில் ஒரு பொதி 5 கிலோ வரை போகும். மெல்லியது எண்டால் 50, கெட்டி அட்டை எண்டால் 12. ஆகவே தபால் சிறு தொகைக்குத்தான். 300 மெல்லிய புத்தகம் ஏறக்குறைய 30 கிலோ, அதுக்குக் கப்பல் பெட்டிதான் வசதி. வீட்டுக்கு வீடு கப்பல் சேவைகள் பெரும்பாலும் கன அளவுக்குத்தான் காசு எடுக்கும். புத்தகம் பாரம் கூடினது, இடம் குறைஞ்சது.

ஆனால் பெரிய பெட்டியைப் புத்தகத்தாலேயே நிரப்பக் கூடாது, அடி கழண்டு போகும். ஒன்று 15 கிலோவுக்கு மேற்படாமல் இரட்டைச் சுவர் மட்டைப் பெட்டிகளில் கட்டச் சொல்லுங்கோ. உள்ளுக்குத் தடிச்ச பொலித்தீன் உறை, புத்தகங்கள் படுக்கையாக, முதுகுப் பக்கம் மாறி மாறி. நிறுத்தி வைச்சால் கொள்கலனுக்குள்ள வெக்கையில் பசை இளகித் தாள் கழரும். இடைவெளியைக் கசக்கின தாளால் இறுக்க வேணும். ஈரப் புத்தகம் ஒன்றை உள்ளுக்குப் போட்டு மூடினால் அந்தப் பெட்டி முழுக்கப் பூஞ்சணம் பிடிச்சுத்தான் இங்க வரும்.

பெட்டிக்குள்ள ஒரு பட்டியல், வெளியில ஒரு பட்டியல். "பாவிச்ச சிறுவர் நூல்கள், நன்கொடை, விற்பனைக்கு அல்ல", எண்ணிக்கை, நிறை, ஒரு நியாயமான பெறுமதி. பெறுமதியைப் பூச்சியம் எண்டு போடுறது பிழை, சுங்கம் தானே ஒரு தொகை போட இடம் குடுத்ததாய் முடியும். பெறுநராக நிலையத்தின் பெயரோட, கையெழுத்து வைக்கிற ஒரு ஆளின் பெயரையும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத வேணும். எழுத்து மாறினால் பொதி கொழும்பில் நிற்கும், நாள் போகப் போகக் களஞ்சியக் கட்டணம் ஏறும். பதிவுச் சான்றிதழ்ப் பிரதி, முத்திரை குத்தின வேண்டுகைக் கடிதம், நன்கொடைக் கடிதம் மூன்றையும் பெட்டி வெளிக்கிட முன்னமே ஆயத்தமாக வையுங்கோ. வரி பற்றின கேள்வியைத் துறைமுக முகவரிடம் அந்த நேரத்திலேயே எழுத்தில் கேளுங்கோ, விதி மாறிக்கொண்டிருக்கும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை இங்க மழை. பெட்டி மாசிக்கும் ஆவணிக்கும் இடையில் வந்து சேரத்தக்கதாகப் பாருங்கோ.

சின்னவாசகி:
இரண்டு பேரும் நல்லாச் சொல்லியிருக்கிறியள். ஆனால் தமிழ்ப் புத்தகத்தைப் பற்றி ஒருவரும் பேசேல்லை, எனக்கு அதுதான் முதல் கவலை. தரம் 1, 2 பிள்ளைக்கு வாசிப்பு வாறது தன் மொழியில்தான். சங்கத்திட்ட கப்பல் காசில் ஒரு பகுதியைக் காசாகவே அனுப்பச் சொல்லுங்கோ. யாழ்ப்பாணத்துக் கடைகளிலேயே தமிழ்ச் சிறுவர் நூல் வாங்கலாம், சுங்கமும் இல்லை, பிள்ளைக்கு எது வேணும் எண்டு கையில் எடுத்துப் பார்த்தும் வாங்கலாம்.

இன்னொரு வழி: பிரதம் புக்ஸ் எண்ட இந்தியப் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் திறந்த உரிமத்தில் கிடக்கு, இறக்கி அச்சடிக்கலாம். எழுதினவர், வரைஞ்சவர் பெயர்ப் பக்கத்தை மட்டும் விடக் கூடாது. நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நாலால் பிரிபட வேணும், இல்லாட்டி வெறும் பக்கம் வரும். படம் மற்றப் பக்கம் தெரியாமல் இருக்க 130 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 130 கிராம்) தாள் கேளுங்கோ. கதைகளும் அங்க படியாகப் பிரிச்சிருக்கு, முதற்படியில் இருந்து தொடங்குங்கோ.

வலிகாமம்_வாசிகசாலை:
நன்றி அக்கா, நன்றி எல்லாருக்கும். காசு விசயத்தைச் சங்கத்துக்கு எழுதுறன். பெட்டி வந்த உடன முதல் என்ன செய்யிறது? எங்கட கட்டடத்தில் இராமபாணப் பூச்சி இருக்கு.

நூலறை:
வந்த உடன இறாக்கையில் ஏத்தாதேங்கோ. வேற அறையில் பிரிச்சு, நிழலில் காத்தாட வையுங்கோ, வெயிலில் காயவைச்சால் அட்டை வளைஞ்சு நிறம் போகும். பூச்சி சந்தேகம் உள்ளதைப் பொலித்தீனில் காற்றுப்போகாமல் கட்டி ஆழ்குளிர்ப் பெட்டியில் −18 பாகையில் இரண்டு கிழமை விடுங்கோ. வெளியில எடுத்து ஒரு நாள் கட்டு அவிழ்க்காமல் வைச்சிருந்தால்தான் தாளில் நீர் கோக்காது. பூச்சி உருண்டை போடாதேங்கோ, சின்னப்பிள்ளையள் மிட்டாய் எண்டு வாயில வைப்பினம், அறைக்குள்ள அந்த மணமும் கூடாது.

இறாக்கையைச் சுவரில் இருந்து நாலு விரல் தள்ளி வையுங்கோ, கீழ்த்தட்டு நிலத்தில் இருந்து அரை அடி உயரட்டும். கறையான் வாறது அந்த இரண்டு வழியாலதான். சேர்க்கைப் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, வாசிப்புப் படிக்கு ஒரு நிற ஒட்டி முதுகில் ஒட்டுங்கோ. இரவல் பதிவையும் அந்த நிறத்தின்படி எழுதினால், ஆறு மாதத்தில் எந்த நிறம் போகுது, எது அசையாமல் கிடக்குது எண்டு தெரியும். லண்டனுக்கு அடுத்த பட்டியலை அதைப் பார்த்து எழுதுங்கோ.