கொரோனாவில் ரத்தம் உறைந்ததை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கோச்சடைக்காரன்:
2021 மே. படுக்கைக்கும் சிலிண்டருக்கும் அலைந்த கதை எல்லார் வீட்டிலும் இருக்கும், அதை விடுகிறேன். மாமா நெகட்டிவ் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டார். சாச்சுரேஷன் 96. சாப்பிடுகிறார், டிவி பார்க்கிறார், அத்தையோடு சண்டைகூடப் போடுகிறார்.

இடது கெண்டைக்கால் மட்டும் வலி. படுத்தே கிடந்ததில் பிடித்துக்கொண்டது என்றார். அத்தை கீழே உட்கார்ந்து தைலம் போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்ததால், அந்தக் கால் மற்றதைவிடத் தடித்திருந்தது எதிரில் இருந்த எனக்கு நன்றாகவே தெரிந்தது. அப்புறம் பாத்ரூம் போய்விட்டுத் திரும்பியவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வியர்த்துக் கொட்டுகிறது. ஆக்சிமீட்டரில் 81.

காலில் உறைந்த கட்டி நுரையீரல் குழாய்க்குப் போயிருக்கிறது. ரத்தக்குழாயைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேனில் தெரிந்தது. பிழைத்துவிட்டார், சரி. ஆனால் முதலில் வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் ஜிங்க், வைட்டமின், வயிற்று மாத்திரை எல்லாம் வரிசையாக எழுதியிருந்தார்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே வா என்று ஒரு வரி இல்லை. உங்களிடமாவது யாராவது சொன்னார்களா?

டயாலிசிஸ் தம்பி:
எங்களுக்கே யாரும் சொல்லவில்லை சார், மெஷின்தான் சொன்னது. 2020 ஆகஸ்ட். டயாலிசிஸ் ஓடும்போது ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் மருந்து கொடுப்போம், நாலு மணி நேரம் ஃபில்டர் தாங்கும். அன்று கொரோனா நோயாளி ஒருவருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ரத்தம் திரும்பிப் போகிற குழாயில் அழுத்தம் ஏறிவிட்டது என்று வீனஸ் பிரஷர் அலாரம். சேம்பரில் கட்டி நிற்கிறது. சலைன் விட்டு அலசிப் பார்த்தேன், ஃபில்டர் நார்கள் கறுப்புக் கோடு கோடாக அப்படியே இருந்தன. மாற்றினேன். அடுத்ததும் அதே கதி. உறைந்துவிட்டால் மெஷின் குழாய்களில் உள்ள ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அந்த மனிதருக்கு ஏற்கெனவே ஹீமோகுளோபின் 7. பிபிஇ கிட்டுக்குள் எனக்குக் கண்ணாடியெல்லாம் ஆவி. அவர் படுத்தபடியே, "மெஷின் ரிப்பேரா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் அய்யா என்றேன். வேறென்ன சொல்வது?

இயற்கை வழி:
என் அண்ணிக்கும் டி-டைமர் (ரத்தம் உறைவதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஏறியது, வயிற்றில் ஊசி போட்டார்கள், இறங்கிவிட்டது. என் கதை அவ்வளவுதான். ஆனால் வேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது உடம்பால் தணிக்க முடியாத அளவுக்குச் செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் சேர்வது! வைரஸ் செல்லின் மேல் உள்ள ஏசிஇ2 என்ற புரதம் வழியாக நுழைகிறது. நுழைந்ததும் அந்த ஏசிஇ2 குறைந்துபோகிறது. ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோனை அடக்க ஆள் இல்லை. அது குழாய்ச் சுவரில் சூப்பராக்சைடு என்ற அந்த வகை மூலக்கூறைக் கிளப்பிவிடுகிறது, சண்டைக்கு வந்த வெள்ளணுக்களும் தங்கள் பங்குக்கு அதையே கொட்டுகின்றன. சுவரை வழுவழுப்பாக வைத்திருந்த நைட்ரிக் ஆக்சைடு காலி. தட்டணுக்கள் ஒட்டத் தொடங்குகின்றன. சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதைத் தணிக்கும் குளுட்டாதயோன் முன்பே குறைவு, அதனால்தான் அவர்களுக்கு அதிகம். ஆகவே கோச்சடை சார், மாமாவுக்கு தினமும் இரண்டு நெல்லிக்காய், வைட்டமின் சி 1000, வெறும் வயிற்றில் பூண்டு, கூடவே மீன் எண்ணெய் மாத்திரை. மஞ்சளை மிளகோடு சேர்த்தால்தான் உடம்பில் ஏறும். வெள்ளைச் சர்க்கரை வேண்டாம். காலை வெயிலில் நில்லுங்கள். மூச்சுப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. ஊசியும் மாத்திரையும் தற்காலிகம்தான்.

குரோய்டன் நர்ஸ்:
இயற்கை வழி, நீங்கள் சொன்ன வேர் சரி. மருந்துதான் அந்த வேருக்குப் போய்ச் சேரவில்லை. வைட்டமின் சி தினம் 8000 மில்லிகிராம் வரை கொடுத்து அமெரிக்காவில் ஆய்வு செய்தார்கள், 2021இல் முடிவு வந்தது, பலன் இல்லை. தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினை பிரிட்டனின் ரிகவரி ஆய்வில் கிட்டத்தட்ட 15,000 பேரிடம் பார்த்தார்கள். 28 நாளில் இறந்தவர்கள், ஆஸ்பிரின் கொடுத்த பக்கமும் கொடுக்காத பக்கமும் 17 சதவீதம். ஹெப்பாரினே எல்லாருக்கும் ஒரேமாதிரி வேலை செய்யவில்லை: முழு அளவு கொடுத்ததில் சாதாரண வார்டில் இருந்தவர்களுக்குப் பலன் இருந்தது, ஐசியு அளவுக்கு முற்றியவர்களுக்கு இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்குப் பூண்டும் மீன் எண்ணெயும் மருந்து அளவில் ஏற்றச் சொல்வதற்கு முன் அவருடைய டாக்டரைக் கேட்க வேண்டாமா?

நான் பார்த்தது 2020 ஏப்ரலில், இங்கே லண்டனில் ஒரு வார்டில். நாற்பதுகளில் இருந்த ஆள், பிபி கிடையாது, சுகர் கிடையாது, ஆக்சிஜனைக் குறைத்துக்கொண்டே வந்தோம். மகளோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார். போனை நான்தான் பிடித்திருந்தேன். பேச்சு குழறியது. "சிக்னல் கட் ஆகுதுப்பா, திரும்பக் கூப்பிடுறேன்" என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, மூளைக்குப் போகிற பெரிய குழாயில் கட்டி. மறுபடி போன் அடித்தபோது எடுக்க ஆள் இல்லை, எல்லாரும் அவரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தோம்.

உண்மை விளம்பி:
எல்லாம் தடுப்பூசியால் வந்தது. இதை எழுதினால் நீக்கிவிடுவீர்கள்.

டயாலிசிஸ் தம்பி:
நீக்கவில்லையே சார். இந்தியாவில் ஊசி தொடங்கியது 2021 ஜனவரி 16. என் ஃபில்டர் உறைந்தது அதற்கு முந்தைய ஆகஸ்ட். ஊசியாலும் ரத்தம் உறைந்தது உண்டு, யாரும் மறைக்கவில்லை. ஆஸ்ட்ராஜெனெகா (இங்கே கோவிஷீல்டு) வகையில் மிக அபூர்வமாக வந்தது, தட்டணு குறைந்து, தட்டணுவில் உள்ள பிஎஃப்4 என்ற புரதத்துக்கு எதிராக உடம்பே எதிர்ப்பொருள் உண்டாக்கி. அது வேறு வியாதி, வைத்தியமும் வேறு.

பீளமேடு சுந்தரி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டில் சண்டையே டி-டைமர் எண்ணால்தான். அண்ணனுக்கு ஒரு லேபில் 0.9, அண்ணிக்கு இன்னொரு லேபில் 900. அண்ணிக்கு ஆயிரம் மடங்கு என்று அம்மா அழுகிறார். அண்ணன் தனக்கு ஒன்றுமே இல்லை என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பக்கத்து மருந்துக்கடைக்காரர்தான் இரண்டு தாளையும் வாங்கி அலகைப் பார்த்தார். ஒன்று மில்லிக்கு மைக்ரோகிராம், மற்றது நானோகிராம். இரண்டும் ஒரே அளவு, இரண்டும் 500 நானோகிராம் என்ற எல்லைக்கு மேலே. அண்ணனை போனில் பிடித்துத் திருப்பிக் கொண்டுவர சாயங்காலம் ஆகிவிட்டது. பழைய ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே எண்ணை ஒப்பிடுகிறவர்கள் பக்கத்தில் உள்ள அலகையும் சேர்த்து எழுதுங்கள். சில லேப் வேறு கணக்கில் கொடுக்கிறது, அங்கே எல்லையே 250 பக்கம்தான்.