சீரியல் போர்ட்ல மோடம் பதிலை சி மொழியில படிச்ச அனுபவம், உங்களோடதையும் போடுங்க

தோட்டத்து மோட்டாரை எஸ்எம்எஸ் அனுப்பி போட்டு நிறுத்துற பெட்டி ஒண்ணு சித்தப்பாவுக்காக செஞ்சேன். லினக்ஸ் போர்டு, ஜிஎஸ்எம் மோடம் (சிம் போட்டு எஸ்எம்எஸ் வாங்கி அனுப்புறது), சீரியல் வேகம் 115200 பாட். கமாண்ட் எழுதிட்டு ரீட் கூப்பிட்டு, கமாண்ட் முடிஞ்சதுன்னு மோடம் சொல்ற ஓகே வந்த பஃபர்ல எங்கயாவது இருக்கான்னு ஸ்டர்ஸ்டர்ல (ஸ்ட்ரிங்குக்குள்ள தேடுற ஃபங்ஷன்) தேடுவேன், இருந்தா அடுத்த வேலை. ரெண்டு மாசம் பிரச்சனையே இல்ல. அப்புறம் ஒரு நாள் சித்தப்பா இங்கிலீஷ் எழுத்துல "ஓகே ஆன்"னு அனுப்பியிருக்கார், சிஎம்ஜிஆர் (மெசேஜ் படிக்கிற கமாண்ட்) போட்டு அதை படிக்கும்போது மெசேஜுக்குள்ள இருந்த ஓகேவையே மோடம் சொன்ன ஓகேன்னு என் கோடு எடுத்துக்கிச்சு, நிஜ ஓகே பின்னாடி தங்கி அடுத்த கமாண்டுக்கு பதிலா வந்துச்சு, அதுலேர்ந்து எல்லாமே ஒரு படி தள்ளித்தான். ஆஃப்னு அனுப்பினதை பெட்டி கண்டுக்கவே இல்ல, கிணத்துல தண்ணி கீழ போயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

இப்போ ஒவ்வொரு பைட்டா சேத்து, எல்எஃப் (வரி முடிவு எழுத்து) வந்தா ஒரு வரி, அதுக்கு முன்னாடி வர்ற சிஆரை தூக்கிட்டு முழு வரியையும் ஸ்ட்ரிங் கம்பேர் பண்றேன். நடுவுல சிஎம்டிஐ (புது மெசேஜ்), ரிங் (கால்)னு கேக்காம வர்றதுக்கு தனி ஃபங்ஷன். மெசேஜ்ல ஓகே மட்டும் தனி வரியா வந்தா இதுவும் ஏமாறும், அதனால சிஎம்ஜிஎஃப்=0 போட்டு பிடியு மோடுக்கு மாறிட்டேன், அதுல மெசேஜ் ஹெக்ஸாதான் வரும்.

*

அண்ணா, வரி வரியா படிச்சும் நான் மாட்டுனேன். சிஎம்ஜிஎஸ் (மெசேஜ் அனுப்புற கமாண்ட்) போட்டா ஒரு > குறியும் ஸ்பேஸும் வரும்ல, அதுக்கப்புறம் எல்எஃப் கிடையாது, என் புரோகிராம் வரி முடியட்டும்னு காத்துட்டே இருந்துச்சு, மோடம் நான் மெசேஜ் டைப் பண்ணுவேன்னு காத்துட்டு இருந்துச்சு. அதை மட்டும் தனியா பாத்து மெசேஜ் எழுதி கண்ட்ரோல் இசட், அதாவது 0எக்ஸ்1ஏ அனுப்பணும்.

*

எனக்கு டெர்மியோஸ்லயே (லினக்ஸ்ல சீரியல் போர்ட் செட்டிங்) அடி. போர்ட்ட ஓபன் பண்ணிட்டு அப்படியே விட்டேன், எக்கோ ஆன்ல இருந்ததால மோடம் சொன்னதை லினக்ஸே திருப்பி மோடமுக்கு அனுப்புது, அதுக்கு மோடம் எரர்ங்குது, அதுவும் திரும்பி போகுது. சிஎஃப்மேக்ரா போட்டு அந்த எக்கோவை நிறுத்தி, ரீட் பதிலுக்கு காத்திருக்கிற நேரத்துக்கு விமின் 0, விடைம் 10 (ஒரு செகண்ட்) வச்சேன், ஏடிஇ0 கொடுத்து மோடம் பக்கத்து எக்கோவையும் நிறுத்தினேன். அப்பவும் நான் கேக்காத பதிலெல்லாம் வந்துச்சு, பாத்தா மோடம்மேனேஜர் (லினக்ஸ்ல மோடமை பாத்துக்கிற சர்வீஸ்) அதே போர்ட்ல அதுபாட்டுக்கு கமாண்ட் போட்டுட்டு இருக்கு, அந்த சர்வீஸை நிறுத்தினதும் போச்சு.